கல்லுக்கு வெயில் வரும் நேரம்: அங்கோர் பயணம் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

பழைய நகரங்கள், இடிந்த கோயில்கள், மலை உச்சிக் கோட்டைகள் என்று பயணம் போக நினைப்பவர்களின் கேள்விகளில், கம்போடியாவின் பழைய கோயில் நகரமான அங்கோர் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறோம். கடைசியில் ஒன்றே ஒன்று பெரு நாட்டுக்கு.

கேள்வி: நான்கு நாள்தான் லீவு கிடைக்கும். ஒரு நாள் டிக்கெட் போதுமா, மூன்று நாள் டிக்கெட் வாங்க வேண்டுமா? (வங்கி ஊழியர், திருச்சி)

மூன்று நாள் டிக்கெட்டே வாங்குங்கள். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. அதாவது இன்னும் 25 டாலர் போட்டால் இரண்டு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. மூன்று நாளும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். ஏழு நாள் டிக்கெட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பியவர்களைப் பகல் இரண்டு மணிக்குப் பார்த்தால் தெரியும்: கோயில் வாசலில் இளநீரோடு உட்கார்ந்து, “இதுவும் அதே மாதிரிதானே இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். கோயில் ஒன்றும் ஒரே மாதிரி இல்லை. கண்தான் அதற்குள் அலுத்துப்போயிருக்கும்.

டிக்கெட் கோயில் வாசலில் கிடைக்காது. அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பிலிருந்து சுமார் 4 கிலோமீட்டரில் தனிக் கட்டடத்தில் கவுன்டர் இருக்கிறது. அங்கேயே படம் பிடித்து டிக்கெட்டில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அங்கோர் நிர்வாகத்தின் இணையதளத்திலும் படத்தைப் பதிவேற்றி வாங்கலாம். வேறு யாரிடமும் வாங்காதீர்கள். உங்கள் முகம் இருக்கும் டிக்கெட்டை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது, தொலைத்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். 12 வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் வயதுக்குச் சாட்சியாக அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

மாலை 5 மணி வாக்கில் கவுன்டரில் வாங்கினால் மறுநாள் தேதிதான் போடுவார்கள். அன்று மாலை சூரிய அஸ்தமனம் பார்க்கப் போவது டிக்கெட்டின் நாள் கணக்கில் சேராது. இதை நம்பிப் பலரும் நேரே ப்னோம் பாக்கெங் குன்றுக்கு ஓடுகிறார்கள். டிசம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். குன்று ஏறவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே ஒரு நேரத்தில் 300 பேரைத்தான் விடுவார்கள். வரிசையில் நின்றபடியே இருட்டிவிடும். அந்த இலவச மாலையை இங்குள்ள பெரிய கோயிலான அங்கோர் வாட்டின் அகழிக் கரையில் செலவிடுங்கள். 190 மீட்டர் அகல நீர், எதிரே மேற்கு வாயில், மேற்கு வெயில் நேராக அதன் மேல். கூட்டமும் இருக்காது.

இந்த டிக்கெட்டில் வராதவை: ப்னோம் குலென் மலைக்குத் தனியாக 20 டாலர், கோ கெருக்கு 15. காட்டுக்குள் சரிந்து கிடக்கும் பெங் மெலியா இப்போது இதே டிக்கெட்டில் சேர்ந்துவிட்டது.

கேள்வி: சென்னையிலிருந்து எப்படிப் போவது? விசா முன்கூட்டியே எடுக்க வேண்டுமா? (தனியார் நிறுவன ஊழியர், ஆவடி)

பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் இவற்றில் ஒன்றில் விமானம் மாறிப் போவதுதான் வழக்கம். பாங்காக் வழி என்றால் ஒரு பொறி இருக்கிறது. அந்த ஊரில் இரண்டு விமான நிலையம்: சுவர்ணபூமி, டோன் முவாங். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்து, ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியிருந்தால், குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, பாங்காக் டிராஃபிக்கில் ஊரைக் கடக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி போதாது. ஒரே டிக்கெட்டில், பெட்டி சியெம் ரீப் வரை போகும்படி எடுப்பது நிம்மதி.

பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் போகலாம் என்று சொல்லும் பழைய கட்டுரைகளை மறந்துவிடுங்கள். 2025-இல் தாய்லாந்து–கம்போடியா மோதலில் தரை எல்லை வாயில்கள் மூடப்பட்டன. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

விசாவுக்கு 30 டாலர். இணையத்தில் எடுத்தால் அதற்கு மேல் சிறு சேவைக் கட்டணம். 30 நாள் தங்கலாம். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், இரண்டு மடங்கு வாங்குவார்கள். கம்போடிய அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் கேஹெச்’ என்று முடியும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசா தவிர, போய் இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் மின் வருகைப் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்டால் அது போலித் தளம்.

2023 அக்டோபரில் விமான நிலையம் புது இடத்துக்கு மாறிவிட்டது. ஊருக்குள் வர ஒரு மணி நேரம் ஆகும். இரவு பத்துக்கு இறங்கிவிட்டு மறுநாள் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

கேள்வி: அங்கோர் வாட்டில் சூரியோதயம் பார்ப்பதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். கூட்டத்தில் இடிபட்டு அதைப் பார்க்கத்தான் வேண்டுமா? (புகைப்பட ஆர்வலர், கோவை)

ஒரு முறை பார்க்கலாம். ஆனால் அதற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம்தான் அதைவிடப் பெரிய விஷயம்.

கோயில் 5 மணிக்குத் திறக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் 6 மணிக்கு மேல்தான் எழும். ஐந்தே காலுக்குள் உள்ளே போய் இடப்பக்கக் குளத்தின் கரையில் இடம் பிடித்தால், நீரில் கோபுர நிழல் கிடைக்கும். கோயில் மேற்குப் பார்த்தது. நாம் மேற்கிலிருந்து பார்க்கிறோம். எனவே சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் எழும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாக வரும் நாள்களில் மட்டும், மேற்கு நடைபாதையில் நின்றால் சரியாக நடுக்கோபுர உச்சியில் எழும். மற்ற மாதங்களில் பக்கவாட்டில் விலகித்தான் இருக்கும். படம் எடுப்பவர்கள் இது தெரியாமல் ஏமாறுகிறார்கள். பாதை இருட்டு, கல் மேடு பள்ளம், டார்ச் வேண்டும்.

சூரியன் எழுந்ததும் முக்கால்வாசிக் கூட்டம் ஹோட்டலுக்குக் காலை உணவுக்குத் திரும்பிவிடும். அப்போது நீங்கள் நேரே கோயிலின் பின்பக்கம், கிழக்குச் சுற்றுமண்டபத்துக்குப் போங்கள். அதன் தென்பாதியில் பாற்கடல் கடையும் சிற்பம் இருக்கிறது, ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். கிழக்கு வெயில் தூண்களுக்கு இடையே சாய்வாக விழும் ஏழு முதல் ஒன்பது மணிக்குத்தான் அந்த மெல்லிய புடைப்புச் சிற்பம் எழுந்து நிற்கும். உச்சிப் பொழுதில் போனால் அதே சுவர் தட்டையாகத் தெரியும்.

இடப்பக்கம் அசுரர்கள்: உருண்டைக் கண், கொண்டை வைத்த தலைக்கவசம். வலப்பக்கம் தேவர்கள்: கூம்பு மகுடம், வாதுமைக் கண். வாசுகியின் உடலை எல்லோரும் மார்போடு அணைத்து இழுக்கிறார்கள். நடுவில் நான்கு கரத்தோடு திருமால், கீழே மத்தைத் தாங்கும் ஆமை. எல்லோரும் திருமாலைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் குனிந்து கீழ்ப்பட்டையைப் பாருங்கள். ஓரத்தில் மீன்களும் முதலைகளும் முழுதாக நீந்துகின்றன. மத்துக்குக் கிட்டே வர வர அவை துண்டு துண்டாகின்றன, சுழற்சியில் வெட்டுப்பட்டு. கடலின் வேகத்தைக் காட்ட அந்தச் சிற்பிக்கு அலை தேவைப்படவில்லை.

மேற்குச் சுற்றுமண்டபத்துக்கு மாலையில் போங்கள். வடபாதியில் இலங்கைப் போர். அனுமன் தோள் மேல் நிற்கும் ராமனை வைத்து அடையாளம் காணலாம். தென்பாதியில் குருக்ஷேத்திரம்: இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், மேலே அம்புப் படுக்கையில் பீஷ்மர். மண்டபங்களை முழுதாகச் சுற்றுவதானால் நம்மூர் வழக்கப்படி வலமாக வராதீர்கள். இடமாகச் சுற்றினால்தான் வரிசை சரியாக வரும். இறந்தோர்க்கான சடங்குகளில் இடமாகச் சுற்றுவது உண்டு, மேற்குப் பார்த்த வாசலும் இருக்கிறது. இதனால்தான் இது கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் நினைவுக்கோயிலும்கூட என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

மற்ற இடங்களுக்கும் வெயில் கணக்குதான். மரவேர் கட்டிப்பிடித்த டா ப்ரோம் ஏழரைக்குத் திறக்கும். முதல் ஆளாக நில்லுங்கள், ஒன்பதுக்கு மேல் ஒவ்வொரு வேருக்கும் முன்னால் வரிசை. முகக்கோபுரங்கள் உள்ள பாயோனுக்கு, பெரிய குழுக்கள் சாப்பிடப் போன பிறகு, மூன்று மணி வாக்கில்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா? (ஆசிரியை, மதுரை)

தாராளமாக. எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் போதும்.

அங்கோர் வாட்டின் மேல் தளம் பாக்கான். செங்குத்தான பழைய கற்படி மேல் கைப்பிடியோடு மரப்படி போட்டிருக்கிறார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கொடுமை. அதை விட்டுவிடுங்கள். மாதத்தில் நான்கு பௌத்தப் புனித நாள்களில் அது எல்லோருக்குமே மூடியிருக்கும்; 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும் கர்ப்பிணிகளையும் எப்போதும் விடுவதில்லை. சிற்ப மண்டபங்கள் முதல் தளத்திலேயே இருப்பதால் அம்மாவுக்குப் பெரிய நஷ்டமில்லை.

மேற்கு வாயிலில் அகழியைத் தாண்டி, உள்ளே இன்னும் 350 மீட்டர் கல் நடைபாதை, நிழலே கிடையாது. அதற்குப் பதில் கிழக்கு வாயிலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அது மண் பாதை, இரு புறமும் மரம். முடிகிற இடத்தில்தான் பாற்கடல் சிற்பமும் இருக்கிறது. டிரைவர் முன்வாசலில் இறக்கத்தான் பார்ப்பார், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

பந்தே ஸ்ரே கோயில் ஏறக்குறைய முழுக்கச் சமதரை, ஏற்றம் இல்லை. அம்மாவுக்கு மிகவும் பிடிக்கப்போவதும் அதுதான். பாயோன், ப்ரே ரூப் கோயில்களின் படிகளைக் கீழே நின்று பார்த்தால் போதும். டுக்டுக்குக்குப் பதில் ஏசி கார் எடுங்கள். பதினொன்று முதல் இரண்டரை வரை அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டு மறுபடி கிளம்புங்கள். இதைச் செய்யாத இளைஞர்களும் இரண்டாம் நாள் சுருண்டு விழுகிறார்கள்.

கேள்வி: அங்கோர் வாட்டைக் கட்டியது சோழர்கள்தான் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தஞ்சாவூர்)

இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கெமர் (பழைய கம்போடிய) மன்னன் இரண்டாம் சூரியவர்மன் கட்டியது. ‘வர்மன்’ என்று முடிவதால் பல்லவன் என்பதும் சரியில்லை. அது தென்கிழக்காசிய மன்னர்கள் பலர் சூடிக்கொண்ட சமஸ்கிருதப் பெயரீறு. அங்குள்ள கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன.

ஆனால் உண்மையான தொடர்புகளே சுவையானவை, கட்டுக்கதை தேவையில்லை. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. கம்போஜ (கம்போடிய) மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. கம்போஜ அரசன் குலோத்துங்கனுக்கு அளித்த ஓர் அரிய கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சூரியவர்மன் அரியணை ஏறியது 1113-இல்.

இன்னொன்றை நேரிலேயே பார்க்கலாம். 967-இல் குடமுழுக்குக் கண்ட பந்தே ஸ்ரே சிவன் கோயிலில், உள்சுற்றின் கிழக்கு வாயில் மேல் முகப்பில் பத்துக் கரத்தோடு சிவன் ஆடுகிறார். அதன் கீழ்க்கோடியில் வற்றிய உடலும் தொங்கிய மார்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்லாமல் கடந்துவிடுவார்கள். நீங்கள் கேட்டு நிறுத்த வேண்டும். உருவங்கள் மிகச் சிறியவை, உள் மேடைக்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். சின்ன பைனாகுலரோ ஜூம் உள்ள கேமராவோ இல்லாமல் போகாதீர்கள். ஊரிலிருந்து டுக்டுக்கில் ஒரு மணி நேரம். ஏழரைக்குத் திறக்கும்போதே அங்கிருந்தால் செந்நிற மணற்கல் மேல் காலை வெயில்.

1923-இல் இதே கோயிலின் தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோன பிரெஞ்சு இளைஞர் ஒருவர் பிடிபட்டார். பிற்காலத்தில் அவரே பிரான்சின் பண்பாட்டு அமைச்சரானார். சிற்பங்கள் திரும்பி வந்துவிட்டன.

கேள்வி: படங்களில் கற்களெங்கும் உருண்டை ஓட்டைகள் தெரிகின்றனவே, குண்டு பட்டதா? இவ்வளவு பெரிய கட்டடங்கள் ஏன் சரிந்தன? (பொறியியல் மாணவர், திருநெல்வேலி)

சில இடங்களில் குண்டுத் தழும்பும் உண்டு. ஆனால் வரிசையாக, ஒரே அளவில் தெரியும் ஓட்டைகள் கல்லைத் தூக்கியதற்கானவை. அவற்றில் மர முளையை அடித்து, கயிறு கட்டித் தூக்கினார்கள். அடுத்தடுத்த கல்லின் முகங்களை ஒன்றோடொன்று உரசித் தேய்த்துப் பொருத்தினார்கள். இடையில் சாந்து இல்லை. தாள் நுழையாத அந்த இணைப்புகளை விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள். மணற்கல்லுக்கு வியர்வையும் உராய்வும் ஆகாது.

சரிந்ததற்கு முதற்காரணம் கூரை. கெமர் சிற்பிகள் உண்மையான வளைவைக் கட்டவில்லை. கல்லைக் கல் மேல் சற்றுத் துருத்தி அடுக்கி, இரு பக்கமும் நடுவில் சந்திக்க வைத்தார்கள். அதனால்தான் மண்டபங்கள் ஒடுக்கமாக இருக்கின்றன. ஒரு கல் நகர்ந்தால் வரிசையே இறங்கும். இரண்டாவது காரணம் தண்ணீர். மேலே மணற்கல், உள்ளே செம்புரைக்கல், அடியில் மண்ணும் மணலும் நிரப்பிய மேடு. இடுக்கில் மழை இறங்கி மணலை அரித்தால் மேடு வயிறு தள்ளும். மூன்றாவது மரம்: விரிசலில் விழுந்த விதை வேராகிக் கல்லைப் பிளக்கிறது, பிறகு அதே வேர் அந்தக் கல்லைத் தாங்கியும் நிற்கிறது. மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டாலும் ஒரு நாள் விழும். டா ப்ரோமில் இந்தச் சிக்கலோடு வேலை செய்வது நம் இந்தியத் தொல்லியல் துறை.

உங்கள் படிப்புக்கு பாபுவோன் கோயிலைத் தவறவிடாதீர்கள். மணல் நிரப்பிய 11-ஆம் நூற்றாண்டு மலைக்கோயில். தன் பாரத்தில் தானே பிதுங்கியது. திரும்பக் கட்டுவதற்காக 1960-களில் பிரெஞ்சு வல்லுநர்கள் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டுக் காட்டில் பரப்பினார்கள், ஏறக்குறைய 3,00,000 கற்கள். 1970-களில் நாட்டைப் பிடித்த தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் ஆட்சியில் அந்தப் பதிவேடுகள் அழிந்தன. எந்தக் கல் எங்கே என்று தெரியாமல் 1995-இல் மறுபடி தொடங்கி 2011-இல்தான் முடித்தார்கள். பின்பக்கம் போய்ச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்: பிற்காலத்தில் கோயில் கற்களையே அடுக்கிச் செய்த, சுமார் 70 மீட்டர் நீளச் சயன புத்தர். கிட்டே நின்றால் வெறும் சுவர்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? என்ன உடுத்துவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? (இல்லத்தரசி, சேலம்)

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம், கூட்டமும் அப்போதுதான். ஏப்ரல் வேண்டவே வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்யும். காலையில் பார்த்துவிடலாம், பாசி பிடித்த கல் அப்போதுதான் அழகு. ஆனால் வழுக்கும், ரப்பர் அடி செருப்புப் போதாது.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத சட்டைக்கு மேல் துப்பட்டா போர்த்தினால் பாக்கானில் ஏற்கமாட்டார்கள். சுடிதார் சரியாக இருக்கும். புடவை அனுமதிக்குப் பிரச்சினையில்லை, அந்த மரப்படியில்தான் பிரச்சினை.

சைவம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாற்றை ஊற்றிவிடுவார்கள். அதை அவர்கள் உப்பு மாதிரி நினைக்கிறார்கள். மீன் சாறு, இறால் விழுது, முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுங்கள். ஊருக்குள் இந்திய உணவகங்கள் உண்டு, கோயில் வளாகத்தில் இல்லை. பகலுக்குக் கையில் எடுத்துப் போகலாம். குரங்கு கண்ணில் படும்படி பிளாஸ்டிக் பையில் மட்டும் வேண்டாம். கடித்தால் அன்றே ரேபிஸ் ஊசி போட வேண்டும்.

கேள்வி: செலவுக்கு ரூபாயா, டாலரா? ஏமாற்றுவார்களா? (சிறு வணிகர், ஈரோடு)

டாலர், சில்லறையாக: ஒன்று, ஐந்து, பத்து. ஓரம் கிழிந்த, பேனா பட்ட நோட்டை வாங்கமாட்டார்கள். மீதிச் சில்லறை ரியெலில் வரும். 4,000 ரியெல் ஏறக்குறைய ஒரு டாலர். முக்கியக் கோயில்களை மட்டும் சுற்றும் ‘சின்னச் சுற்று’க்கு டுக்டுக் ஒரு நாளைக்கு 15 முதல் 25 டாலர். சூரியோதயத்துக்கும் பந்தே ஸ்ரேக்கும் தனி. ஏறும் முன் இடப் பெயர்களைச் சொல்லிப் பேசி முடியுங்கள், ‘சின்னச் சுற்று’ என்று மட்டும் சொன்னால் பிறகு தகராறு.

கைக்குழந்தையோடு வந்து, காசு வேண்டாம், பால் பவுடர் மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பவரைக் கடந்து போங்கள். டப்பா அதே கடைக்குத் திரும்பிப் போகும்.

கேள்வி: அடுத்து மச்சு பிச்சு போக ஆசை. உயரத்தில் மூச்சுத் திணறுமாமே? (செவிலியர், நாகர்கோவில்)

திணறுவது மச்சு பிச்சுவில் இல்லை. அது 2,430 மீட்டர்தான், ஊட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். விமானம் இறங்கும் குஸ்கோ 3,400 மீட்டர், தலைவலியும் வாந்தியும் அங்கேதான். இறங்கிய அன்றே குஸ்கோவில் தங்காமல், காரில் 2,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள ஓயந்தாய்தம்போவுக்கு இறங்கி இரண்டு இரவு தூங்குங்கள். ரயிலும் அங்கிருந்தே உண்டு. குஸ்கோவைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நுழைவுச்சீட்டில் மணியும் பாதையும் குறித்திருக்கும், அதை மாற்ற முடியாது, வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது. எல்லோரும் பார்த்திருக்கும் அந்தப் படம் மேல்மேடையிலிருந்து எடுத்தது. எல்லாப் பாதையும் அங்கே போகாது. சீட்டு எடுக்கும் முன் பாதை எண்ணைப் பாருங்கள். கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும்தான்.